இமயமலைக்குக் கிளம்பும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை விட்டுவிட்டு இமயமலைப் பக்கம் போய்விடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். போ, போகாதே என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்கு, அவரும் எல்லாவற்றையும் விட்டுப் போனவர்தானே என்று அத்வைத ஞானி நிசர்கதத்த மகராஜைத் துணைக்கு இழுத்தாய் பார், அங்கேதான் இடிக்கிறது.

மாருதி காம்ப்ளி என்பது அவர் இயற்பெயர். 1897-ல் பம்பாயில் பிறந்து, கண்டல்காவ் கிராமத்தில் வளர்ந்த விவசாயி மகன். பிழைப்புக்காக மறுபடி பம்பாய் வந்து பீடிக் கடை போட்டார், கடைகளும் பெருகின. 1933-ல் ஒரு நண்பர் விடாப்பிடியாக சித்தராமேஸ்வர் மகராஜிடம் கூட்டிப்போனார். 'நான் இருக்கிறேன்' என்ற உணர்விலேயே நில் என்று குரு சொன்னதை இவர் அப்படியே பிடித்துக்கொண்டார். 1936-ல் குரு மறைந்துவிட்டார்.

அடுத்த வருடம் இவரும் உன்னைப் போலத்தான், எல்லாவற்றையும் விட்டு வடக்கே கிளம்பினார். வழியில் சந்தித்த சக சீடர் ஒருவர், பற்றில்லாமல் உலகத்தில் இருந்துகொண்டு வேலை செய்வதே மேல் என்று பேசியதில் மனம் மாறித் திரும்பினார். வந்து பார்த்தால் ஒரே ஒரு கடைதான் மிச்சம். சரி, இது போதும் என்று அதிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். கிளம்பிப் போவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், திரும்பி வந்து உட்கார்வதுதான் கஷ்டம்.

அப்புறம் உலகமே தேடி வந்தது பம்பாயின் கேத்வாடிப் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குத்தான். ஏணி மாதிரி செங்குத்தான படியில் ஏறினால் தாழ்ந்த கூரை போட்ட சின்ன அறை, தரையில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். மகராஜ் மராத்தியில்தான் பேசுவார், யாராவது மொழிபெயர்ப்பார்கள். வந்தவர்கள் முன்னாலேயே பீடி பற்றவைப்பார், கோபம் வந்தால் சத்தமும் போடுவார். போலந்துக்காரர் மாரிஸ் ஃப்ரீட்மன் அந்தப் பேச்சுகளை ஆங்கிலத்தில் புத்தகமாக்கியது 1973-ல்தான், அதாவது மகராஜுக்கு எழுபத்தைந்து தாண்டிய பிறகு. தொண்டையில் புற்றுநோய் வந்தபோதும் பேச்சை நிறுத்தவில்லை. 1981 செப்டம்பரில் காலமானார்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர் கிளம்பிப் போனபோது வீட்டில் மனைவி சுமதிபாயும் பிள்ளைகளும் இருந்தார்கள். கடைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன அந்த மாதங்களை அந்த அம்மா எப்படிச் சமாளித்தார் என்று நான் படித்த எதிலும் இல்லை. உன் திட்டத்தை உன் வீட்டில் சொல்லிவிட்டாயா, இல்லை எனக்கு மட்டும்தான் எழுதினாயா?

அன்புடன்,
அண்ணன்