செரில் மில்லர் 'கொஞ்ச காலம்' ஆடியவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கூடைப்பந்துக் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க ஆட்டக்காரர் ரெஜி மில்லருக்கு முழுப் பக்கம் கொடுத்துவிட்டு, படத்துக்குக் கீழே, "இவருடைய அக்கா செரிலும் கொஞ்ச காலம் ஆடி, பிறகு டிவிக்குப் போய்விட்டார்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்தக் 'கொஞ்ச காலம்' மூன்று நாளாக மனதை அறுக்கிறது.

செரில் மில்லர் யாரென்று தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1982 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில், ஒரு பள்ளி மேட்சில் தனி ஆளாக 105 புள்ளி எடுத்தவர். அன்றைக்குத் தன் மேட்சில் 39 எடுத்த பெருமையோடு வீட்டுக்கு வந்த தம்பி, அக்காவின் கணக்கைக் கேட்டு வாயடைத்துப் போன கதையை ரெஜியே சொல்லிக் கேட்டிருக்கிறோம். கல்லூரி அணிக்கு 1983, 1984 என அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம். கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நைஸ்மித் புகழ் மன்றத்தில் அக்காவுக்கு 1995இலேயே இடம் கிடைத்துவிட்டது. தம்பி போய்ச் சேர்ந்தது 2012இல்.

1986இல் அவர் படிப்பை முடித்தபோது அமெரிக்காவில் பெண்களுக்கு நிலையான தொழில்முறை லீக் கிடையாது. முழங்கால் காயம் மிச்சத்தையும் முடித்துவிட்டது. டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் லீக் 1997இல் தொடங்கியபோது அவருக்கு வயது 33. அதில் பீனிக்ஸ் மெர்குரி அணிக்குக் கோச்சாக வந்து, அடுத்த ஆண்டே இறுதிச் சுற்று வரை அணியைக் கொண்டுபோனார்.

டிவிக்குப் 'போய்விட்டார்' என்கிறீர்கள். 1996 நவம்பரில், நாடு முழுக்க ஒளிபரப்பான என்பிஏ (ஆண்கள் லீக்) மேட்ச் ஒன்றுக்கு ஆட்ட நுணுக்கம் சொல்லும் வர்ணனையாளராக உட்கார்ந்த முதல் பெண் அவர். அந்த நாற்காலியின் அருமை எனக்குத் தெரியும். கல்லூரி அணியில் நான்கு வருஷம் ஆடியவள் நான். முட்டி போன பிறகு உடற்கல்வி ஆசிரியையாக 29 வருஷம் விசில் ஊதினேன். ஒரு குறுவட்டப் போட்டியில் மைக் பிடித்தவருக்கு ஃபவுலுக்கும், பந்தைத் தட்டாமலே நடக்கும் டிராவலிங்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "நான் சொல்லட்டுமா சார்?" என்று கையை நீட்டினேன். "நீங்க இறைவணக்கம் பாடுங்க டீச்சர், மேட்ச்சை நாங்க பாத்துக்கறோம்" என்றார். என் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் காலணிக் கயிறு கட்டிக்கொண்டே அதைக் கேட்டார்கள். ஒருத்தி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கேப்டனாக இருந்தவர். அன்று என் கையில் இருந்த நாளிதழில் அது ஐபிஎல் செய்திக்குக் கீழே நாலு வரி. என் மாணவிகள் மாநிலப் போட்டியில் ஜெயித்த வருஷம், படத்துக்குக் கீழே 'கலக்கிய கன்னிகள்' என்று போட்டார்கள். ஒருத்தி பெயர்கூட இல்லை. வெட்டி வைத்திருந்த அந்தத் துண்டை அவர்களிடம் காட்டவே இல்லை. தங்கள் இதழை முப்பது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். அந்த உரிமையில் வருத்தப்படுகிறேன்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு செரில் மில்லரின் படத்தைப் போட்டு, கீழே அவர் பெயரை மட்டும் அச்சிடுங்கள். யாருடைய அக்கா என்பது வேண்டாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
தேனி.