அமைதியைப் படித்தால் என்ன வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மகள் முதுகலையில் ‘அமைதி, மோதல் ஆய்வு’ என்ற படிப்பில் சேரப் போகிறாள் என்றதும், உறவினர் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1973இல் அமைதி ஆய்வுக்கு முதல் பேராசிரியராக அமர்ந்தவர் ஆடம் கர்ல். அதற்கு முன்பே, நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோக முயன்ற பயாஃப்ரா பகுதியில் 1967-70இல் நடந்த போரின்போது, போரை எதிர்க்கும் கிறிஸ்தவக் குழுவான குவாக்கர்களின் சார்பில் நைஜீரிய அரசிடமும் பயாஃப்ரா தரப்பிடமும் மாறி மாறிப் போய்ப் பேசியவர். பேச்சால் போர் நிற்கவில்லை. பயாஃப்ராவின் தோல்வியில்தான் முடிந்தது. ஆனாலும் அந்த அலைச்சலில் கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். எதிரெதிராக நிற்கும் இருவர் பேச்சையும் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் அல்லவா? எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகும், குண்டுவீச்சில் சிதைந்த குரோவேஷியாவின் ஓசியெக் நகரத்து அமைதிப் பணியாளர்களுக்குத் துணை நின்றார்.

நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிக் கற்பிக்கும் பாதுகாப்பியல் துறைகள் நம் பல்கலைக்கழகங்களில் உண்டு, நல்லது. அமைதி ஆய்வுக்கும் நிரந்தர ஆசிரியர் பணியிடங்களும் ஆய்வு உதவித்தொகையும் ஒதுக்குங்கள். என் மகளைப் போன்றவர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

- ஒரு வாசகி, மதுரை