மணலில் புதைந்த பாப்பா

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போது வாக்கரோடு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்கிறார். என்னை வேலை ஏவும் அளவுக்குத் தெம்பும் வந்துவிட்டது. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கை பிறந்ததிலிருந்து பையன் பள்ளியில் எல்லாரையும் அடிக்கிறான், ஆலோசகரிடம் கூட்டிப்போனால் அவர் மணலையும் பொம்மையையும் கொடுத்துச் சும்மா உட்கார்ந்திருக்கிறார், இதற்கா காசு என்று கேட்டிருக்கிறாய். ஆறு வயதுப் பிள்ளையிடம் "ஏண்டா அடிச்சே?" என்றால் தெரியாது என்பான். நிஜமாகவே அவனுக்குத் தெரியாது, செல்வி. அதனால்தான் பேச்சுக்குப் பதில் மணலும் பொம்மையும். இதற்கு விளையாட்டுச் சிகிச்சை என்று பெயர்.

லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் 1928-இல் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக ஒரு கிளினிக் தொடங்கினார். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் தன் மகன்களோடு தரையில் விளையாடியதைப் பற்றி 1911-இல் எழுதியதைப் படித்திருந்தவர், பெட்டி நிறையக் குட்டிப் பொம்மைகள் சேர்த்து வைத்தார். அவற்றை மணல் தட்டில் அடுக்கி 'உலகம்' கட்டியது பிள்ளைகள்தான். அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் ஆலோசகரும் சும்மா இருக்கவில்லை. அவன் பாப்பா பொம்மையை மணலில் புதைத்தான் என்று பதறியிருக்கிறாயே, அப்போது அவர் திட்டவும் மாட்டார், புகழவும் மாட்டார். "பாப்பா வெளியே வரவே கூடாது உனக்கு" என்று, அவன் ஆட்டத்தில் தெரிந்ததை மட்டும் சொல்வார். வாய்விட்டுச் சொல்ல முடியாத எரிச்சலை ஒருவர் புரிந்துகொண்டார் என்பதே அவனுக்குப் பெரிய விஷயம். அதற்காக எதுவும் செய்யலாம் என்றில்லை. அவர்மேல் கை ஓங்கினால், "கோபம் வருது, தெரியுது. ஆளை அடிக்கக் கூடாது, தலையணையை அடிக்கலாம்" என்று நிறுத்துவார். முதலில் சில வாரம் முரண்டு கூடினாலும் பாதியில் விட்டுவிடாதே.

மணலைவிட எனக்கு நம்பிக்கை வேறொன்றில். அமெரிக்காவில் கர்னி என்ற உளவியலாளர் தம்பதியர் 1960-களில், பிள்ளையோடு இப்படி விளையாட அம்மா அப்பாவையே பழக்கினார்கள். வாரம் அரை மணி நேரம் போதும். 2005-இல் விளையாட்டுச் சிகிச்சை பற்றிய 93 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பெற்றோரே பழகிச் செய்த இடங்களில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. உனக்கும் கற்றுத்தரச் சொல்லிக் கேள். அந்த நேரத்தில் போன் வேண்டாம், கேள்வி வேண்டாம், "இப்படி வை" என்று திருத்தவும் வேண்டாம் (உனக்கு அதுதான் கஷ்டம்!). அவன் சொல்வதுதான் ஆட்டம்.

அவன் படுக்கையை நனைப்பதாக எழுதியிருந்தாயே, அதை மட்டும் குழந்தை டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடு. அப்புறம், விளையாட்டு ஒரு வைத்தியமா என்று உன் மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும். அந்த அரை மணி நேரம் குட்டியை அவர் மடியிலேயே போட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
மீனா