ஃப்ளாய்டைக் கொன்றுவிட்டார்கள் என்று சொல்லும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

நியூயார்க் பாப் குழுவான சிஸ்ஸர் சிஸ்டர்ஸின் முதல் ஆல்பத்தை அனுப்பியதற்கு உங்களிடமிருந்து வந்தது ஒரே ஒரு வாய்ஸ் நோட். "ஃப்ளாய்டைக் கொன்னு, ஜிகினா ஒட்டிப் பாடை கட்டியிருக்கானுங்க. இதையெல்லாம் எனக்கு ஏண்டா அனுப்புற?" அவ்வளவுதான். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டீர்கள் என்று புரிந்தது. வாட்ஸப்பில் விளக்கம் எழுதினால் நீல டிக் விழும், பதில் வராது. அதனால் எல்லோரும் பார்க்க இங்கேயே எழுதுகிறேன். நாலு பேர் படித்துவிட்டு உங்களிடம் கேட்பார்கள். அப்போதாவது மீதி எட்டுப் பாட்டையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

முதலில் அந்த மூன்றாவது பாட்டையே எடுத்துக்கொள்வோம். உங்கள் ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்ட்டபிளி நம்' உங்களுக்குச் சாமி பாட்டு மாதிரி என்று எனக்குத் தெரியும். அதையே சிஸ்ஸர் சிஸ்டர்ஸ் டிஸ்கோ தாளத்தில் போட்டு, பீ ஜீஸ் போலக் கீச்சுக் குரலில் பாடினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் டிஸ்கோவை ஃப்ளாய்டுக்குள் முதலில் கொண்டுவந்தது இந்த நியூயார்க்காரர்கள் இல்லை, அண்ணா. ஃப்ளாய்டேதான்.

அந்தப் பாட்டு இருக்கும் ஃப்ளாய்டின் 'தி வால்' ஆல்பம் 1979 நவம்பரில் வந்தது. தயாரிப்பாளர்களில் ஒருவர் பாப் எஸ்ரின். நியூயார்க்கில் ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வாசிப்பதைக் கேட்டு, அந்த விடாத டிரம் அடி அவர் மண்டைக்குள் புகுந்துவிட்டது. கிளப்புகளுக்குப் போய் டிஸ்கோ எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வரும்படி ஃப்ளாய்டின் கிடார்காரர் டேவிட் கில்மோரிடம் சொன்னார். கில்மோரும் போனார். சகிக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றியதாம். ஆனாலும் திரும்பி வந்து அதே அடியில் 'அனதர் பிரிக் இன் த வால்' இரண்டாம் பகுதியை வாசித்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்குப் போன பாட்டு அது. பள்ளிப் பிள்ளைகளின் கோரஸைக் கொஞ்சம் மறந்துவிட்டு, டிரம்மையும் பேஸையும் மட்டும் கேட்டுப் பாருங்கள். கால் தானாக ஆடும்.

அதே 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். ஸ்டீவ் டால் என்ற ரேடியோக்காரர், சேர்ந்த தட்டுகளைப் பெட்டியில் போட்டு மைதானத்தின் நடுவே வெடிவைத்துத் தகர்த்தார். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இறங்கிப் புல்லைக் கிழித்தார்கள். அன்று அடுத்தடுத்து இருந்த இரண்டு ஆட்டங்களில் இரண்டாவது நடக்கவே இல்லை. ராக் ரசிகர்களின் விளையாட்டு என்று அதை அப்போது சொன்னார்கள். ஆனால் டிஸ்கோ பிறந்தது கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் கூடிய கிளப்புகளில். அங்கே எரிந்தது வெறும் பிளாஸ்டிக்தானா என்று பிறகு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஃப்ளாய்டின் மூலத்தில் ரோஜர் வாட்டர்ஸ் டாக்டராகவும் கில்மோர் நோயாளியாகவும் பாடுகிறார்கள். மேடையேற முடியாமல் கிடக்கும் பாடகனுக்கு ஊசி போட்டு எழுப்பி அனுப்புகிறார்கள். இது வாட்டர்ஸுக்கு நிஜமாகவே நடந்தது. 1977-ல் ஃபிலடெல்ஃபியா நிகழ்ச்சிக்கு முன்னால் வயிற்றுவலிக்கு டாக்டர் ஒருவர் போட்ட ஊசியில் கை மரத்துப்போய், அப்படியே மேடையில் நின்றிருக்கிறார். சிஸ்ஸர் சிஸ்டர்ஸின் பாடகர் ஜேக் ஷியர்ஸ் இதைப் பாடும்போது டாக்டரும் நோயாளியும் ஒரே உச்சக்குரலில் கலந்துவிடுகிறார்கள். நமக்குக் கண்ணில் தெரிவது மருத்துவமனை இல்லை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கிளப்பின் பாத்ரூம் வாசல். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள், இன்னும் இரண்டு மணி நேரம் ஆடலாம் என்று யாரோ தட்டிக்கொடுப்பது போலிருக்கிறது. வார்த்தை மாறவில்லை, இடம் மாறிவிட்டது. கிண்டல் செய்கிறவன் இவ்வளவு கவனமாகப் பாட்டின் அர்த்தத்துக்குள் போகமாட்டான். கில்மோரும் ஃப்ளாய்டின் டிரம்மர் நிக் மேசனும் இந்த வடிவம் தங்களுக்குப் பிடித்ததாகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஏன் அவர்களுக்காகச் சண்டை போடுகிறீர்கள்?

"கில்மோரோட கிடார் சோலோ எங்கேடா?" என்பீர்கள். இல்லைதான். ஆனால் நீங்கள் எனக்குப் பதிவு செய்து கொடுத்தது அறுபது நிமிட கேசட். 'தி வால்' மொத்தமும் அதில் அடங்காமல், சோலோவின் நடுவிலேயே டேப் தீர்ந்து 'டக்' என்று நிற்கும். கல்லூரிக்குப் போகும்வரை எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. ஆகவே சோலோவை முதலில் வெட்டிய பாவம் உங்களைத்தான் சேரும்.

இனி இவர்கள் யார் என்று சொல்கிறேன். ஜேக் ஷியர்ஸ், பேபிடாடி, ஆனா மேட்ரானிக், டெல் மார்க்விஸ், பேடி பூம். எல்லாம் மேடைப் பெயர்கள். ஜேக்கும் பேபிடாடியும் கென்டக்கியில் சந்தித்து நியூயார்க் வந்து, 2001-ல் தொடங்கிய கூட்டணி. ஆனா, சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடும் டிராக் மேடைகளில் பழகியவர். ஆல்பத்தின் பெரும்பகுதியை பேபிடாடியின் அபார்ட்மெண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தகவலைத் தெரிந்துகொண்டு கேட்டால் காது வேறு மாதிரி விழித்துக்கொள்ளும். இவ்வளவு பளபளப்பும் ஒரு வீட்டு அறைக்குள் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. 'லாரா'வின் தொடக்கத்தில் பியானோவை ஆணி அடிப்பது போல அடிக்கிறார்களே, அதில் ஒரு சுரம்கூடத் தற்செயல் இல்லை. எல்டன் ஜான், டேவிட் போவி, ராக்ஸி மியூசிக், பீ ஜீஸ் என்று எழுபதுகளின் எல்லா அலமாரிகளையும் திறந்து துணி எடுத்திருக்கிறார்கள். ஆனால் தையல் இவர்களுடையது.

இரண்டாவது பாட்டு 'டேக் யுவர் மாமா'. இதை நீங்கள் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போயிருக்கிறீர்கள், ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். அக்கூஸ்டிக் கிடாரும் பியானோவும் சேர்ந்து தென் அமெரிக்க மாநிலச் சாராயக்கடை வாசனையோடு போகும் துள்ளல். (தென் அமெரிக்கா இல்லை, அமெரிக்காவின் தெற்கு. சொல்லாவிட்டால் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள்.) சங்கதி என்னவென்றால், நல்ல பிள்ளையாக வளர்ந்த மகன் ஒருவன், தான் யார் என்பதை அம்மாவிடமிருந்து மறைத்தே வந்திருக்கிறான். இனி மறைக்க முடியாது. இந்த இடத்தில் பாட்டு எழுதும் எவனும் கண்ணீரைத்தான் எடுப்பான். அம்மா அழுவாள், அப்பா கதவைச் சாத்துவார், மகன் மழையில் நடப்பான். இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அம்மாவை ராத்திரி வெளியே கூட்டிக்கொண்டு போகிறார்கள். மலிவான ஷாம்பெயின் வாங்கிக்கொடுத்து, தன் உலகத்தை அவளுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். அவள் ஒத்துக்கொண்டாளா இல்லையா என்பதைப் பற்றிப் பாட்டு கவலைப்படவே இல்லை. அவளும் ஆடட்டும், அப்புறம் பேசலாம். இதைவிட மரியாதையாக ஓர் அம்மாவை நடத்திய பாப் பாட்டு எனக்குச் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை.

'மேரி', ஜேக் தன் நெருங்கிய தோழிக்காக எழுதிய மெல்லிய பாட்டு. அண்ணிக்குப் பிடிக்கும், போட்டுக் காட்டுங்கள். 'லவ்வர்ஸ் இன் த பேக்சீட்' சுமார். 'ஃபில்த்தி/கார்ஜியஸ்' வீட்டில் சத்தமாகப் போட வேண்டாம், ஆனால் அதன் பேஸுக்காகவே நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

'டிட்ஸ் ஆன் த ரேடியோ' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அது வேண்டுமென்றே வைத்த தலைப்பு. ருடி ஜூலியானி 1994 முதல் 2001 வரை நியூயார்க் மேயராக இருந்தபோது நகரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கினார். 1926-ல் போட்ட காபரே சட்டம் ஒன்று மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. உரிமம் இல்லாத பாரில் ஆட்கள் நடனமாடக் கூடாது என்பது அதன் சாரம். அதைத் தூசு தட்டி எடுத்து பார்களுக்கு அபராதம் போட்டார்கள், சிலவற்றைப் பூட்டினார்கள். குடிக்கலாம், பேசலாம், இடுப்பை ஆட்டினால் குற்றம்! அந்தச் சட்டம் 2017-ல்தான் ஒழிந்தது. கேளிக்கையெல்லாம் எங்கே போய்விட்டது என்று கேட்கும் பாட்டுதான் இது. இதைக் காரணம் காட்டி வால்மார்ட் ஆல்பத்தையே விற்க மறுத்துவிட்டது. பாட்டில் புகார் சொன்னது எதுவோ, அதையே வால்மார்ட் கடையில் செய்து காட்டியது.

இன்னொரு பொருத்தம். ஆல்பம் பிரிட்டனில் வெளியானது 2004 பிப்ரவரி 2. அதற்கு முந்தின நாள்தான் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளையில் பாடகி ஜேனட் ஜாக்சனின் உடை விலகி, நாடே ஏதோ உலகம் அழிந்த மாதிரி கூப்பாடு போட்டது. அங்கே ஜூலை மாதம்தான் இந்த ஆல்பம் போய்ச் சேர்ந்தது. பில்போர்டு பட்டியலில் முதல் நூறுக்குள்கூட வரவில்லை. அந்த நவம்பரில் 11 மாநிலங்கள் தன்பாலினத் திருமணத்தைத் தடைசெய்து வாக்களித்தன. பிரிட்டன் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. தன்பாலீர்ப்பைப் பள்ளிகளில் 'ஊக்குவிப்பதை'த் தடைசெய்த 28-ஆம் பிரிவை இங்கிலாந்தும் வேல்ஸும் 2003 நவம்பரில் நீக்கின. 2004-லேயே, தன்பாலின இணையர்கள் தங்கள் உறவைப் பதிவு செய்துகொள்ள வழிவிட்ட சிவில் பார்ட்னர்ஷிப் சட்டமும் நிறைவேறியது. ஆனால் சட்டத்துக்காக யாரும் சிடி வாங்குவதில்லை. ஆண்கள் கண்மை தீட்டி, குதிகால் பூட்ஸ் போட்டுப் பாடுவதை எழுபதுகளிலேயே வியாழக்கிழமை தோறும் டிவியில் குடும்பத்தோடு பார்த்த நாடு அது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த ஆல்பத்தை வாங்கினார்கள் என்பது என் கணிப்பு. எப்படியோ, 2004-ல் பிரிட்டனில் மிக அதிகம் விற்ற ஆல்பம் இதுதான். கீன் குழுவை மயிரிழையில் முந்தியது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பிரிட் இசை விருதுகளில் வெளிநாட்டுக் குழு, வெளிநாட்டு ஆல்பம், வெளிநாட்டுப் புதுவரவு மூன்றையும் அள்ளினார்கள். அந்த மேடையில் பொம்மலாட்டக்காரர் ஜிம் ஹென்சன் பட்டறையின் ராட்சதப் பொம்மைகள் கூடச் சேர்ந்து பாடின. வீடியோ கிடைக்கும், பாருங்கள்.

இவ்வளவு எழுதியது கடைசிப் பாட்டைப் பற்றிச் சொல்லத்தான். 'ரிட்டர்ன் டு ஆஸ்'. 1985-ல் டிஸ்னி இதே பெயரில் ஒரு படம் எடுத்தது. 'விஸார்ட் ஆஃப் ஆஸ்' கதையின் சிறுமி டோரத்தி, ஆஸ் என்ற அந்த மாய நாட்டுக்குத் திரும்பிப் போகும்போது மஞ்சள் செங்கல் பாதை பெயர்ந்து கிடக்கும். மரகத நகரம் பாழடைந்திருக்கும், மக்கள் கல்லாகியிருப்பார்கள். குழந்தைகள் படம் என்று நம்பிப் போன குழந்தைகள் பயந்து அலறிய படம். அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆஸ் வெறும் கதை இல்லை. 'டோரத்தியின் நண்பன்' என்பதே அவர்களுக்குள் ஒருவரையொருவர் அடையாளம் காட்டிக்கொள்ளும் குழூஉக்குறியாக ஒரு காலத்தில் இருந்தது. ஊரில் இடமில்லாதவன் போய்ச் சேரும் வண்ணமயமான இடம் அது. அந்த ஆஸ்தான் இந்தப் பாட்டில் நாசமாகிக் கிடக்கிறது. காரணம் கிறிஸ்டல் மெத். அந்த ஆண்டுகளில் அமெரிக்காவின் கே கிளப்புகளை உள்ளிருந்து அரித்த போதை.

பாட்டு மெதுவாகத் தொடங்கும். ஜேக் உச்சக்குரலை விட்டு இறங்கிச் சாதாரணமாகப் பாடுவார். போகப் போகக் குரல்கள் கூடி, கிடார் விரிந்து, கடைசியில் எழுகிற அந்தப் பேரிசையில் யாருடைய வாடை அடிக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். எனக்குச் சந்தேகமே இல்லை, அது உங்கள் ஆள்தான். மூன்றாவது பாட்டில் ஊசி போட்டு ஆடச் சொன்ன டாக்டரின் பில், பதினோராவது பாட்டில் வருகிறது. வெளியிலிருந்து யாராவது இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் பிரசங்கமாகியிருக்கும். இவர்கள் விருந்து நடத்துகிறவர்கள், அந்த வீட்டுக்காரர்கள். அதனால்தான் ஆல்பத்தை 'ஃபில்த்தி/கார்ஜியஸ்' போல ஒரு குத்தாட்டத்தில் முடிக்காமல் இதில் முடித்திருக்கிறார்கள். மூன்றாவது பாட்டோடு நிறுத்துகிறவர்களுக்கு இது ஜிகினாவாகத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று. 2005 ஜூலை 2, லண்டன் ஹைட் பார்க், லைவ் 8 இசை நிகழ்ச்சி. ஃப்ளாய்டின் வாட்டர்ஸும் கில்மோரும் மேசனும் ரைட்டும் 24 வருஷத்துக்குப் பிறகு ஒரே மேடையில் ஏறிய அந்த நிகழ்ச்சியின் வீடியோவை எத்தனை தரம் என்னைப் பார்க்க வைத்திருப்பீர்கள்! 'கம்ஃபர்ட்டபிளி நம்' வாசித்து, நால்வரும் தோள்மேல் கைபோட்டு நிற்பார்களே, அதேதான். அன்று அதே மேடையில் சிஸ்ஸர் சிஸ்டர்ஸும் பாடினார்கள். 'டேக் யுவர் மாமா' பாடினார்கள். நீங்கள் ஓட்டிவிட்ட பகுதியில் அது இருக்கிறது.

2025-ல் ஆல்பத்துக்கு இருபது வயதானதைக் கொண்டாட மறுபடி மேடையேறினார்கள், ஆனா இல்லாமல். அவர் குரல் இல்லாத 'டிட்ஸ் ஆன் த ரேடியோ'வைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அது வேறு சண்டை.

இப்போதைக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி தூங்கியதும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை கேளுங்கள். 'பெட்டர் லக்' வந்தால் மட்டும் தாண்டிக்கொள்ளலாம், எனக்கும் அது பிடிக்காது. அதற்குப் பிறகும் பாடைதான் என்றால் இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்கள். கொஞ்சம் நீளமாக.

அன்புடன்,
உங்கள் தம்பி