பார்சலில் வராத ருசிகள்

பாளையங்கோட்டை,
ஆனி 12.

அன்புள்ள சண்முகத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மதினியும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது. அலைபேசியில் நான்கு வரியில் முடித்துவிடக்கூடியதைப் பக்கம் பக்கமாக மையால் எழுதி அனுப்பும் வழக்கத்தை நீ இன்னும் விடாமல் வைத்திருப்பதில் எனக்கு மட்டுமல்ல, எங்கள் தபால்காரருக்கும் மகிழ்ச்சிதான். உறையின் மேல் உன் கையெழுத்தைக் கண்டாலே, "புனே அண்ணாச்சி எழுதியிருக்காங்க" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்துவிடுகிறார்.

ஒரே ஒரு ராகம், ஒரே ஒரு பயணம், ஒரே ஒரு தின்பண்டம் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட வேண்டும் என்றால் எவற்றை வைத்துக்கொள்வாய் என்று கேட்டிருக்கிறாய். உன் பங்குக்குக் கல்யாணி, கொங்கண் ரயில், உங்கள் ஊர்ப் பயறுக் குழம்பும் ரொட்டியுமான மிசல் பாவ் என்று பதிலும் எழுதிவிட்டாய். கல்யாணி ராகத்துக்குப் பக்கத்தில் மிசல் பாவை உட்கார வைத்த முதல் திருநெல்வேலிக்காரன் நீயாகத்தான் இருப்பாய். உன்னைப்போல் மூன்று சொல்லில் பதில் எழுத எனக்கு வரவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்தவை என்று நான் சொல்லிக்கொள்ளும் எல்லாவற்றோடும் ஓர் இடமும் ஒரு வேளையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிய்த்து எடுத்துவிட்டு வெறும் பாட்டையோ பண்டத்தையோ என் கையில் கொடுத்தால், வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இலங்கை வானொலியையே எடுத்துக்கொள். சென்னை நிலையம் இரைச்சலோடு வந்த நம் வீடுகளில் கொழும்பு அடுத்த தெருவில் இருப்பதுபோல் கேட்டது. உப்புநீரின் மேல் மத்திய அலை, தரையின் மேல் செல்வதைக் காட்டிலும் வலுக் குன்றாமல் நெடுந்தூரம் செல்லும் என்பதும், நமக்கும் இலங்கைக்கும் நடுவே மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது என்பதும்தான் அதற்குக் காரணம் என்று பிற்பாடு படித்தேன். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டால், ஒரு பாட்டின் பல்லவியை நம் வீட்டிலும், அனுபல்லவியைத் தையல் கடையிலும், சரணத்தைத் திருப்பத்திலிருந்த காப்பிக் கடையிலுமாகக் கேட்டுக்கொண்டே, ஒரு வரி விடுபடாமல் நடந்து போக முடிந்ததே, நினைவிருக்கிறதா? அதே பாடல்கள் அத்தனையும் இன்று என் அலைபேசியில் இருக்கின்றன. பிசிறில்லாமல் கேட்கின்றன. ஆனால் எனக்குக் கேட்பது மட்டும் பக்கத்து வீட்டாருக்குக் கேட்பதில்லை. ஒரே நேரத்தில் ஒரு தெரு முழுவதும் ஒரே பாட்டை முணுமுணுத்த அந்தச் சங்கதியை எந்தச் செயலியும் இதுவரை தரவில்லை. பிறந்தநாள் வாழ்த்தில் அப்பா, அம்மா, சித்தி, பெரியப்பா, மாமா, அத்தை என்று அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போன அந்தப் பட்டியலும் எனக்குச் சங்கீதமாகத்தான் பட்டது. நீ மட்டும் அதை வீண் என்று சொல்லி நிலையத்தைத் திருப்புவாய்.

வாத்தியங்களில் எனக்கு முதலிடம் நாகசுரத்துக்குத்தான். அதுவும் அரங்கின் முன்வரிசையில் அமர்ந்து கேட்பதல்ல, இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கேட்பது. தேரோடும் வீதிக்கென்று பிறந்த வாத்தியத்தைக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் அடைத்து, அதன் வாயருகே ஒலிவாங்கியையும் கொண்டுபோய் வைப்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது. காருக்குறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-லேயே மறைந்துவிட்டதால், அவரை நேரில் கேட்கும் பேறு நம் இருவருக்கும் வாய்க்கவில்லை. ஆனாலும் 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக அவர் வாசித்த ஆபேரி, நம் ஊர்க் கல்யாண வீடுகளில் ரேடியோ செட் கட்டி முடித்ததும் பிள்ளையார் பாட்டுக்கு அடுத்தபடியாகப் போடப்படும் இசைத்தட்டாக இருந்ததால், அவர் ஊதாத கல்யாணம் எதுவும் நம் பக்கத்தில் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய குருநாதர் திருவாவடுதுறை ராஜரத்தினத்தின் தோடியைக் கேட்டு நீ சொக்கிப் போவாய். நான் சீடருடைய பக்கம். இந்த வழக்கு நம் காலத்தில் தீரப்போவதில்லை.

போன புரட்டாசியில் தசராச் சப்பரங்கள் எங்கள் தெருமுனையில் நின்றபோது, வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நடுவில் நிறுத்தி, வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கழற்றினார். குழலிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தவற்றில் வேறொன்றைத் தேர்ந்து, உதட்டில் நனைத்து, ஊசியால் அதன் வாயை நெருடிச் சரிசெய்து, தனியாக ஒருமுறை ஊதிப் பார்த்தார். அது குழந்தை சிணுங்குவதுபோல ஒரு கீச்சுக் குரல்தான் எழுப்பியது. அதைக் குழலில் செருகிய மறுகணமே அதிலிருந்து கரகரப்பிரியா புறப்பட்டுத் தெருவை நிறைத்ததே, அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீட்டில் இப்போது வேறு கச்சேரி நடக்கிறது. உன் தங்கச்சி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் தேவாரம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். திருநெல்வேலியின் மேல் சம்பந்தர் பாடிய பதிகம் சாதாரிப் பண்ணில் அமைந்தது என்பது உனக்குத் தெரியும். ஓதுவார்கள் இன்று அதைப் பந்துவராளியில்தான் பாடுகிறார்கள். பிள்ளைகள் அதைச் சினிமாப் பாட்டின் வேகத்தில் இழுத்துப் போக, இவள் அவர்களைப் பிடித்து நிறுத்த, நடுவே குக்கரின் விசில் மேல் ஸ்தாயியில் வந்து சேர்ந்துகொள்ள, நான் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிடித்தபடி அத்தனையையும் ரசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞானேசுவரர், துக்காராம் ஆகியோரின் பல்லக்குகள் பண்டரிபுரத்தை நோக்கி உங்கள் புனே வழியாகப் போனபோது, வாசலில் நின்று, அபங்கம் என்னும் மராத்தி பக்திப் பாடல்களைக் கேட்டதாக எழுதியிருந்தாய். உன் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். நடந்துகொண்டே பாடுகிறவர்களின் பாட்டில் ஒரு தனி நடை இருக்கிறது. கால் ஓய்ந்தாலும் தாளம் ஓயாது. தை மாதத்தில் பச்சை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத் திருச்செந்தூருக்கு நடந்து போகும் கூட்டத்தாரும் அப்படித்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடிய காவடிச் சிந்தின் மெட்டு ஏதாவது ஒரு வாயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் வண்டியில் ஒலிபெருக்கியும் வருகிறது என்பதுதான் குறை. அது பாட ஆரம்பித்தவுடன் நடக்கிறவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு வைப்பது நல்லவேளையாக இன்னும் நிற்கவில்லை. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டும்போது மணிகள் குலுங்குவதைவிட, குடக்காரர் கமுகம் பாளை மட்டையால் குடத்தின் வாயை அடிக்கும்போது எழும் அந்தக் 'கும்' என்ற ஒலிதான் எனக்கு எப்போதும் பிடிக்கும். அது காதுக்கு வருவதற்கு முன் உட்கார்ந்திருக்கும் மண்ணுக்கு வந்துவிடும். சுடலைமாடன் கோயில் கொடையில் கணியான் கூத்தும் உண்டு. அதில் அடிக்கும் மகுடம் என்ற தோல்பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, சுதி ஏறிவிட்டது என்று தலையசைக்கும் அந்த ஒரு நொடிக்காகவே நள்ளிரவு வரை விழித்திருக்கலாம்.

பயணத்துக்கு வருகிறேன். கொங்கண் பாதையின் குகைகளையும் பாலங்களையும் நீ வருணித்திருந்ததைப் படித்தேன். அழகாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் வண்டியில், இடப்பக்கத்துச் சன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால், வேறெந்த வண்டியையும் நான் ஏறெடுத்துப் பார்க்கமாட்டேன். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை நெருங்கத் தொடங்கிவிடும். காருக்குறிச்சி என்று பெயர்ப்பலகை போட்ட சிறிய நிலையத்தில் வண்டி நிற்கும்போது, சங்கீதம் தெரிந்தவர்கள் யாராவது பெட்டியில் இருந்தால் கட்டாயம் பேச்சு அருணாசலத்தின் பக்கம் திரும்பும். கல்லிடைக்குறிச்சி வந்தால் அப்பளத்தைப் பற்றிய பேச்சு; முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை அச்சேற்றிப் பரப்பியவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தாம் என்பதை அப்பளம் மறைத்துவிடுகிறது. அங்கிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்தின் மேல் வண்டியின் ஓசை மாறுவதை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவர்களும் தாமிரபரணி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். கடையத்தில் பாரதியாரின் மாமனார் வீடு, பாவூர்சத்திரத்தில் காய்கறி மூட்டைகள், பிறகு தென்காசி. விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் எந்நேரமும் அடிக்கும் காற்று, இந்த ஆனியிலும் ஆடியிலும் சாரலையும் சேர்த்துக்கொண்டு வந்து முகத்தில் அறையும்போது, வேட்டியையும் குடையையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவது பெரும்பாடு. இதற்கு ஆகும் கட்டணத்தில் உன் ஊரில் ஒரு மிசல் பாவ்கூட வாங்க முடியாது.

குற்றாலத்தைப் பற்றி நான் எழுதவே வேண்டியதில்லை. ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த பிறகு வயிற்றில் மூளும் அந்தப் பசிக்கு எதுவும் ருசிதான். கம்பனில் தோய்ந்த இலக்கிய ரசிகரான ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் தம் வீட்டுக்கு வந்தவர்களைக் கவிதையாலும் விருந்தாலும் மாற்றி மாற்றித் திணறடித்தார் என்றால், அதில் பாதிப் புகழ் அருவிக்குச் சேர வேண்டும்.

இனிச் சாப்பாடு. நம் ஊர் என்றாலே எல்லோரும் அல்வா என்கிறார்கள். நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதை அட்டைப் பெட்டியில் அடைத்துப் புனேவுக்கு அனுப்பச் சொல்லாதே. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, விளக்கு வைக்கும் நேரத்தில், வாழையிலைத் துண்டில் நெய் வழியச் சுடச்சுட வாங்கி, நின்றுகொண்டே தின்றுவிட்டு, இனிப்பு நாவைவிட்டு அகல ஒரு பிடி மிக்சரை வாயில் போட்டுக்கொள்கிறோமே, அதுதான் அல்வா. மறுநாள் குளிர்ந்த பிறகு தின்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் அல்வாவைவிடச் சொதிக்குத்தான் என் ஓட்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் இலையில் விழும் அந்தச் சொதியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, இரண்டாம் பாலையும் பாசிப்பருப்பையும் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றி, முதல் பாலைக் கடைசியில் கொதிக்கவிடாமல் சேர்த்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். முதல் பாலை ஊற்றிய பின் ஒரு கொதி வந்துவிட்டால் பால் திரிந்து போகும் என்பதால், சமையல்காரரான தவசுப்பிள்ளை அந்த நேரத்தில் யாரையும் அடுப்பருகே பேசவிடமாட்டார். பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் இருந்தாக வேண்டும். இஞ்சிப் பச்சடி ருசிக்காக மட்டும் வைப்பதில்லை. அவ்வளவு தேங்காய்ப்பாலையும் செரிக்கவைக்கும் பொறுப்பும் அதற்கு உண்டு. இதையே சாதாரண நாளில் வீட்டில் இரண்டு பேருக்கு மட்டும் வைத்துப் பார்த்தோம். பக்குவத்தில் குறையில்லை, ஆனால் பந்தியில் எதிர் இலைக்காரர் மூன்றாம் முறை கேட்டு வாங்குவதைப் பார்த்து நாமும் கேட்டு வாங்கும் அந்த ருசி வரவில்லை.

பதநீரும் இப்படித்தான். சித்திரை வெயிலில், திருச்செந்தூர்ச் சாலையோரப் பனைமரத்தடியில், பனையோலையை மடக்கிக் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். அதில் இளநுங்கை வழித்துப் போட்டுத் தந்தால் இன்னும் விசேஷம். ஓலையின் பச்சை வாசமும், கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் இலேசான காரலும் சேர்ந்ததுதான் அந்த இனிப்பு. கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி போட்டு ஒரு கடையில் கொடுத்தார்கள், குடித்து வைத்தேன்.

ஆகையால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆடி பிறந்ததும் நீ புறப்பட்டு வந்துவிடு. உன் மூட்டுவலிக்குச் சாரல் ஆகாது என்று மதினி தடுத்தால், மலைவரை போகாமல் தென்காசியோடு திரும்பிவிடலாம். ஆவணியில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. அதுவரை நீ தங்கினால் மறுவீட்டுச் சொதியும் உறுதி. பேத்தி அந்த அபங்கங்களைப் பாடக் கற்றிருக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளையும் அழைத்து வா. இங்கே தேவாரம் பாடும் பிள்ளைகளுக்கு அவள் அதைச் சொல்லித்தரட்டும். கிரீன் டீப் பொட்டலத்தை மட்டும் புனேயிலேயே விட்டுவிட்டு வந்தால் போதும். உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன், காலையில் கருப்பட்டிக் காப்பிதான். பேத்திக்குக் காரம் எந்த அளவுக்கு ஆகும் என்பதையும், எந்தத் தேதியில் எந்த வண்டிக்குச் சீட்டு எடுத்திருக்கிறாய் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுது. எட்டுப் பக்கம் வேண்டாம், இந்த முறை ஓர் அட்டை போதும்.

என்றும் அன்புடன்,
நெல்லையப்பன்