நாலாவது ஈசிஜி வேண்டாம்

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது இதையெல்லாம் போனில் பேச முடியாது என்று எழுதியிருந்தாய். சரிதான். நானும் எழுதியே அனுப்புகிறேன். நிதானமாகப் படி, உன் வீட்டுக்காரரிடமும் காட்டு. பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்ந்தது, அத்தைக்கு முட்டு ஆபரேஷன் தேதி குறித்தது, பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை நீ ஒருத்தி இழுப்பது எல்லாம் படித்தேன். அவற்றுக்குத் தனியாகப் பதில் போடுகிறேன். இப்போது அந்தக் கடைசிப் பக்கம்.

இரண்டு மாதமாக விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு. விழித்ததும் படபடப்பு. வகுப்பில் நிற்கும்போது மூச்சு முட்டி, விரல் நுனி மரத்து, இப்போதே விழுந்துவிடுவோம் என்று பயம். சோறு இறங்கவில்லை, எடை நாலு கிலோ குறைந்துவிட்டது. பாட்டுக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு டிரெட்மில், எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்றாராம் இதய டாக்டர். ஏட்டி, அவர் சொன்னது இதயத்தில் ஒன்றும் இல்லை என்று. நீ அதை 'எனக்கே ஒன்றும் இல்லை, நான்தான் நடிக்கிறேன்' என்று எடுத்துக்கொண்டு உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாய்.

நடக்கும் விஷயம் இதுதான். பயம் வந்தால் உடம்பு அட்ரினலினை இறைக்கிறது. இதயம் அதன் சொல்லைக் கேட்டு ஓடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஈசிஜியில் வேகம் தெரிந்தாலும் தெரியுமே தவிர பழுது தெரியாது. மூச்சை வேகவேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரலும் உதடும் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் மெல்ல இறங்கிவிடும். மூன்றரை மணி விழிப்பும், பசியின்மையும், எதிலும் மனசு ஒட்டாததும் இன்னொரு கதை. அவை மனச்சோர்வின் பக்கம் காட்டுகின்றன. பதற்றமும் சோர்வும் சேர்ந்தே வருவதுதான் அதிகம். ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சு அழுத்தி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி போனால் அது வேறு. அதற்கு ஈசிஜிக்கு ஓடத்தான் வேண்டும்.

மனநல மருத்துவரிடம் போகுமுன் ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் ஒரு நடை மிச்சம். தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு கூடினால் இதே படபடப்பு, குறைந்தால் இதே சோர்வு. உனக்கு நாற்பத்தாறு ஆகிறது, மாதவிலக்கு முன்பின்னாகிறது என்றாய். கடைசி மூன்று தேதிகளைக் குறித்து வை, கேட்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்வித் தாள் ஒன்று உண்டு, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27. ஐந்தைத் தொட்டால் லேசானது, பத்தைத் தொட்டால் நடுத்தரம், இருபதைத் தொட்டால் கடுமை. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே. இது தெர்மாமீட்டர் மாதிரி. காய்ச்சல் உண்டா என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. இன்னொரு உபயோகம், ஆறு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தால் இறங்கியிருக்கிறதா என்று தெரியும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அங்கே பூஜ்யம் தவிர வேறு எண் வந்தால், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் போவது என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்தில் இதை இன்னமும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி நரம்பு டாக்டரிடம் போகிறார்கள். அவர் பார்ப்பது பக்கவாதம், வலிப்பு, முதுகுத்தண்டு. நீ பார்க்க வேண்டியது எம்.டி. மனநலம் அல்லது டி.பி.எம். என்கிற மனநல டிப்ளமா படித்தவரை. மருந்து எழுதுவது அவர். பேச்சு சிகிச்சை தருகிறவர் மருத்துவ உளவியலாளர், அவரிடம் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. 'கவுன்சலர்' என்று போர்டு மாட்ட மூன்று மாதப் படிப்புகூடப் போதும் என்பதுதான் நிலைமை, பார்த்துப் போ. தென்காசியில் மாணவர்களின் பெற்றோர் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தால் இங்கே ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வா. மனநலப் பிரிவு தனியாக இருக்கிறது, மருந்தும் இலவசம். காலையில் சீக்கிரம் வந்து ஓ.பி. சீட்டு போட வேண்டும். கூட்டம் இருக்கும், டாக்டர் உன்னோடு உட்காரும் நேரம் குறைவாக இருக்கும்.

அதனால்தான் ஒரு தாளில் அரைப் பக்கம் எழுதி வா என்கிறேன். எப்போது ஆரம்பித்தது, படுப்பது எழுவது எத்தனை மணிக்கு, எடை எவ்வளவு குறைந்தது, என்னென்ன மருந்து சாப்பிடுகிறாய். இதில் சித்தா, ஹோமியோபதி, அத்தையின் வலி மாத்திரையில் நீ எடுத்துக்கொண்டது எல்லாமே வர வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா? யாராவது வாரக்கணக்கில் தூங்காமல், களைப்பே இல்லாமல், பணத்தை வாரி இறைத்து, பெரிய பெரிய திட்டம் போட்டது உண்டா? உனக்கே அப்படி ஒரு காலம் இருந்ததா? இந்தக் கடைசிக் கேள்வியை விடாதே. அப்படி எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருகிற நோய் இருந்தால், சோர்வு மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கும்போது மனநிலை மறுபக்கம் எகிறிவிடலாம்.

காதில் குரல் கேட்கிறதா, யாரோ பின்தொடர்வதுபோல் தோன்றுகிறதா என்றும் கேட்பார்கள். 'என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்' என்று முகம் சுளிக்காதே. வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான். முதல் நாளில் அடிக்கடி நடக்கிற தப்பு, கூட வந்தவர் எல்லாப் பதிலையும் சொல்லிவிடுவது. உன் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் "பத்து நிமிஷம் நான் மட்டும் பேசணும்" என்று நீ கேட்கலாம். நீ சொல்வது வெளியே போகாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு அதை உன் உரிமையாகவே வைத்திருக்கிறது. தலைமையாசிரியர் போன் போட்டுக் கேட்டாலும் சொல்லக்கூடாது.

போவதற்குத்தான் நீ இவ்வளவு பயப்படுகிறாய். ஆனால் காரியம் கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய நாலு வாரத்தில். நிறுத்தக் கூடாத மாத்திரையை நிறுத்திவிட்டு, நிறுத்த வேண்டியதைப் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு விதமான மாத்திரை எழுத வாய்ப்பு உண்டு. ஒன்று எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின் மாதிரி சோர்வு மருந்து. எஸ்சிட்டலோபிராம் என்றால் பெரும்பாலும் 5 மி.கி.யில் ஆரம்பித்து ஒரு வாரம் போல் கழித்து 10 ஆக்குவார்கள். அளவு அவர் முடிவு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். முதல் வாரம் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சில பேருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுவது, இதெல்லாம் வரும்; பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கும். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், முழுசாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம். ஆக, தொல்லை முதலில் வருகிறது, பலன் பிறகு வருகிறது. மூன்றாம் நாளே "இது எனக்கு ஒத்துக்கலை" என்று டப்பாவை மூடுவது இதனால்தான். உட்கார முடியாத அளவு நிலைகொள்ளாமல் போனால் மட்டும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்.

பலரிடம் தூக்கமும் பசியும் முதலில் தேறும், மனசு கடைசியில்தான் லேசாகும். மாற்றம் உனக்குத் தெரியுமுன் உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. இன்னொரு இடறல் நாற்பதாவது நாள் வாக்கில். நன்றாக இருக்கிறது, இனி எதற்கு மாத்திரை என்று விடுவது. முதல் தடவை வந்தவர்களுக்குக்கூட, நன்றாக ஆன பிறகு ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். இது போதைப் பழக்கம் தருகிற மருந்து இல்லை. ஆனாலும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் ஒரு உணர்வும் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தாம்பத்திய ஆசை குறைவதும் இந்த மாத்திரையில் சகஜம். யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.

இரண்டாவது மாத்திரை குளோனாசிபாம், அல்பிரசோலம் வகை. 0.25, 0.5 மி.கி. என்று பார்க்கக் கடுகு போல் இருக்கும். போட்ட அன்றே தூக்கம் வரும், படபடப்பு அடங்கும். அதனாலேயே எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. பழக்கமாகிவிடும் மருந்து இதுதான். முதல் மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை இரண்டு முதல் நாலு வாரத்துக்குத் துணையாக இருந்தால் போதும். மாதக்கணக்கில் போட்டவர் சட்டென்று விட்டால் வலிப்பே வரலாம், அதனால் இதையும் தானாக நிறுத்தக் கூடாது. நம் ஊரில் இன்னொரு சிக்கல், இரண்டும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது. கலவை என்றால் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. ஆகையால் சீட்டைக் கையில் வாங்கியதும் கேள்: "சார், இதில் தூக்க மருந்து கலந்திருக்கா? அதை எப்போ நிறுத்தணும்?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கு. தேதி இல்லாத தூக்க மாத்திரை ஐந்து வருஷம் ஓடும். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் தானாக வாங்கும் பழக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அத்தையின் முட்டுவலி மாத்திரையைத் தொடாதே என்று தனியாகச் சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை அந்த எஸ்சிட்டலோபிராம் மாதிரி மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிரமடால் இன்னும் மோசம். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். தூக்க மாத்திரை போட்ட மறுநாள் காலை மயக்கம் தெளியாமல் ஸ்கூட்டியை எடுக்காதே.

பேச்சு சிகிச்சைக்கு வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள். வீட்டுப்பாடம் உண்டு, டீச்சருக்கே! பதற்றம் வந்த இடத்தை விட்டு ஓடினால் அடுத்த முறை அந்த இடம் இன்னும் பயமுறுத்தும். ஆகவே எட்டாம் வகுப்புப் பீரியடை வேறொருவருக்கு மாற்றிவிடாதே. மூச்சு முட்டினால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நாலு எண்ணி உள்ளே இழு, ஆறு எண்ணி வெளியே விடு. அலை இறங்கும்வரை அங்கேயே நில். பிளாஸ்டிக் பையில் மூச்சு விடச் சொன்னால் கேட்காதே. மதியத்துக்குப் பிறகு காப்பி வேண்டாம். மூன்றரைக்கு விழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதே, இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் எழுந்து முன்னறையில் மங்கலான விளக்கில் உட்கார். மனசு சரியானதும் நடக்கப் போகலாம் என்று காத்திருக்காதே, நடந்தால்தான் மனசு பின்னால் வரும்.

அத்தை ஏர்வாடி தர்காவுக்கோ குணசீலம் கோயிலுக்கோ போகலாம் என்றால் சண்டை போடாதே. கும்பிட்டுவிட்டு வா, கயிறும் கட்டிக்கொள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே, அங்கே தங்கவும் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் செத்தார்கள். கோயிலோ தர்காவோ அதற்குக் காரணமில்லை, வைத்தியம் வேண்டியவர்களைக் கட்டிப்போட்டதுதான்.

ஒன்று கேட்கிறேன், நேரடியாக. செத்துப்போகலாம் என்று தோன்றியதா? கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வராது, ஏற்கெனவே இருந்தால் இறக்கி வைக்க இடம் கிடைக்கும். லேசாக வந்து போனாலும் டாக்டரிடம் சொல். எப்படி, எப்போது என்று மனசு திட்டம் போட ஆரம்பித்தால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வா, தனியாக வராதே. தோட்டத்துப் பூச்சி மருந்தையும் வீட்டு மாத்திரைகளையும் உன் வீட்டுக்காரர் பூட்டி வைக்கட்டும். நடு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, இலவசம், 24 மணி நேரம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் எண் 044-24640050.

புதன்கிழமை லீவு போட முடியுமா? முதல் பஸ்ஸில் வந்தால் ஓ.பி. சீட்டுக்கு முன்னாலேயே வந்துவிடலாம். வாசலில் நிற்கிறேன். பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் போட்டுக்கொண்டு வா, அந்த அரைப் பக்கத்தையும். சாரல் ஆரம்பித்திருக்குமே அங்கே, குடையை மறந்துவிடாதே.

உன்
பாக்கியம்