நாற்பது நாற்காலி

பிட்ஸ்பர்க்
19.10.2025

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே நலம். டாம்பாவில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் நீ கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. “பார்கோ வந்தான், ஃபுளோரஸ் வந்தான், அவர்களைவிடப் பெரிய கையான கிரிஃபினை மட்டும் ஏன் செப்டம்பரில் மேஜர் லீக்குக்குக் கூப்பிடவில்லை?” என்றாய். 71 வெற்றி, 91 தோல்வி என்று நம் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணி பைரட்ஸ் தன் பிரிவில் கடைசியாக வந்து நின்ற பிறகு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் அதிசயம். விடை நவம்பர் 18-ஆம் தேதியில் இருக்கிறது.

மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. நாற்பது நாற்காலி என்று வைத்துக்கொள். அதில் 26 பேர் மேலே ஆடுவார்கள், மற்றவர்கள் மைனர் லீக்கில், அதாவது அதே அணி வெவ்வேறு ஊர்களில் வைத்திருக்கும் கீழ்நிலை அணிகளில், இருப்பார்கள். மைனர் லீக்கில் இருக்கும் மற்ற பையன்கள் எல்லாருக்கும் ஒப்பந்தம் உண்டு, நாற்காலி கிடையாது. நாற்காலி இல்லாமல் ஒருவனை எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 18 வயதுக்குள் சேர்ந்தவன் என்றால் ஐந்தாவது டிசம்பர் வரை, அதற்கு மேற்பட்ட வயதில் சேர்ந்தவன் என்றால் நான்காவது டிசம்பர் வரை. அந்த ஆண்டு நவம்பர் கெடுவுக்குள் (இந்த ஆண்டு அது 18-ஆம் தேதி) நாற்காலி கொடுக்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் ஃபைவ் டிராஃப்ட் என்ற ஆள் எடுப்பில் வேறு எந்த அணியும் அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த ஆண்டு அந்த வாசலில் நிற்பவர்கள், 2021-இல் பள்ளியிலிருந்து வந்தவர்கள், 2022-இல் கல்லூரியிலிருந்து வந்தவர்கள், 2021-இல் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தமான பையன்கள்.

இப்போது பெயர்களைப் பொருத்திப் பார். பிட்சர் (பந்து வீசுபவன்) பப்பா சாண்ட்லர் 2021-இல் பள்ளியிலிருந்து வந்தவன். ஹன்ட்டர் பார்கோ 2022-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவன். கேட்சர் ரஃபேல் ஃபுளோரஸ் அதே 2022-இல் யாங்கீஸ் அணியில் சேர்ந்து, ஜூலைக் கடைசியில் பிட்சர் டேவிட் பெட்னாரைக் கொடுத்து வாங்கிய மூவரில் ஒருவன். மூன்று பேருக்கும் நவம்பருக்குள் எப்படியும் நாற்காலி போட்டாக வேண்டும். நவம்பரில் போடுவதை ஆகஸ்ட்டிலும் செப்டம்பரிலும் போட்டால் அணிக்கு இழப்பு எதுவும் இல்லை, பையனுக்கு நாலு ஆட்டம் கையில் வரும். திறமையும் இருந்தது, தேதியும் இடித்தது. கானர் கிரிஃபின் 2024-இல் பள்ளியிலிருந்து வந்தவன், அவனுடைய முறை 2028 நவம்பர். அவனுக்கு இப்போதே நாற்காலி போட்டால் குளிர்காலம் முழுக்க ஒரு இடம் அடைபடும்.

அந்த ஒரு இடத்துக்கு இப்போது எத்தனை விலை என்று பார். அறுபது நாள் காயப்பட்டியலில் இருப்பவன் சீசன் நடக்கும்போது இந்த நாற்பதில் கணக்கு இல்லை. உலகத் தொடர் முடிந்த ஐந்தாம் நாள் அந்தச் சலுகை போய்விடும். மே மாதம் முழங்கை தசைநாரைச் சரிசெய்யும் அறுவை செய்துகொண்ட ஜாரெட் ஜோன்ஸ் மாதிரி ஆட்கள், இன்னும் ஒரு பந்துகூட வீச முடியாத நிலையிலும், நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாக யாரையாவது சேர்க்க வேண்டுமானால் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் யாரையாவது எழுப்பியாக வேண்டும்.

கிரிஃபினைப் பற்றி நீ கேட்டதால் அவன் எண்களை நிதானமாகப் பார்ப்போம். கீழ்ப்படியான ஃபுளோரிடாவின் பிரேடன்டனில் 50 ஆட்டம், 9 ஹோம் ரன், 26 ஸ்டீல் (பிட்சரை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). அடுத்த படியான கிரீன்ஸ்பரோவில் 51 ஆட்டம், 7 ஹோம் ரன், 33 ஸ்டீல். அதற்கும் மேல், டபுள்-ஏ படியான ஆல்டூனாவில் 21 ஆட்டம், 5 ஹோம் ரன், 6 ஸ்டீல். மொத்தத்தில் 122 ஆட்டம், .333 சராசரி, 21 ஹோம் ரன், 65 ஸ்டீல், வயது 19. எல்லாரும் 21-ஐயும் 65-ஐயும் சேர்த்துச் சொல்லி வியக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது முதல் இரண்டு ஊர்களின் ஹோம் ரன் கணக்கை. ஃபுளோரிடாவில் இவர்கள் ஆடுவது பெரும்பாலும் மேஜர் லீக் அணிகளின் பயிற்சி மைதானங்களில். அளவு பெரிது, காற்றும் ஈரமானது, பந்து அவ்வளவாகப் பறக்காது. கிரீன்ஸ்பரோ மைதானமோ ஹோம் ரன்னுக்குப் பெயர் போனது. பறக்காத இடத்தில் 9, பறக்கிற இடத்தில் 7 என்றால் அந்தப் பலம் மைதானம் கொடுத்தது இல்லை. ஸ்டீல் எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடு. பிட்சர் ஒரு பேட்டருக்கு இரண்டு முறைதான் தயக்கமில்லாமல் பேஸ் பக்கம் திரும்பலாம் என்ற விதி வந்த பிறகு, கால் வேகம் உள்ள பையன்கள் எல்லாருக்குமே ஸ்டீல் ஏறியிருக்கிறது. ஆல்டூனாவில் 21 ஆட்டத்தில் 6 என்று இறங்கியதையும் பார்த்திருப்பாய். மேலே போகப் போக கேட்சரின் கை வலுவாகும்.

21 டபுள்-ஏ ஆட்டம் என்பது மூன்றரை வாரம். ஒரு அணியின் பிட்சர்கள் அவனை இரண்டாம் முறை சந்தித்து, அவன் பலவீனத்தைக் குறித்துவைத்துக்கொண்டு வீசும் அளவுக்கு அது போதாது. 2024-இல் புதியவர்களை எடுக்கும் டிராஃப்ட்டின்போது அவன் ஒன்பதாவது இடம் வரை இறங்கியதே அவன் பந்தை அடிக்கும் திறனில் இருந்த சந்தேகத்தால்தான். அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. முழுக்கத் தீர்ந்ததா என்று சொல்ல அந்த மூன்றரை வாரம் பற்றாது.

இனி பணக் கணக்கு. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. சீசன் ஏறத்தாழ 186 நாள். ஆறு ஆண்டு ஆனால் வீரன் சுதந்திரமாகி எந்த அணிக்கும் போகலாம். 2026 முதல் நாளே கிரிஃபினை ஆட விட்டால் 2031 முடிவில் அவன் சுதந்திரம். இரண்டு மூன்று வாரம் கீழே வைத்துக் கூப்பிட்டால் 2032. இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் 2022 ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். முன்னணிப் பட்டியல்களில் இடம்பிடித்த புதியவனை முழு ஆண்டு மேலே வைத்து, அவன் சிறந்த புதுமுகம் விருதை வென்றால், அணிக்கு முதல் சுற்று முடிந்ததும் கூடுதலாக ஒரு டிராஃப்ட் தேர்வு. ஹூலியோ ரொட்ரிகேஸ் மூலம் சியாட்டில் அதை வாங்கியது. அதே ஒப்பந்தத்தில் மறுபக்கமும் உண்டு. கீழே வைத்திருந்து தாமதமாகக் கூப்பிட்டாலும், அந்த விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடத்தில் வந்தவனுக்கு முழு ஆண்டு சேவை கிடைத்துவிடும். நம் பால் ஸ்கீன்ஸுக்கு நடந்தது அதுதான். 2024 மே 11-ஆம் தேதி வந்தான், விருதை வென்றான், முழு ஆண்டும் கிடைத்தது, பைரட்ஸுக்குக் கூடுதல் தேர்வு கிடைக்கவில்லை. ஆண்டும் போச்சு, தேர்வும் போச்சு. அதனால் கிரிஃபின் விஷயத்தில் காசுக்காகத் தாமதிப்பது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. மார்ச்சில் அவன் தயாராக இருந்தால் முதல் நாளே ஆட வேண்டும். தயாராக இல்லையென்றால் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள இண்டியானபோலிஸில் ஆறு வாரம் ஆடட்டும், அதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் கயல், இந்தக் குளிர்காலத்தில் அணி நிர்வாகத்தைத் தூங்கவிடாத பெயர் கிரிஃபின் இல்லை. எஸ்மெர்லின் வால்டெஸ், அன்ட்வோன் கெல்லி என்று இருவர். இருவருமே 2021-இல் வெளிநாட்டிலிருந்து சேர்ந்தவர்கள். வால்டெஸ் இந்த ஆண்டு 26 ஹோம் ரன் அடித்தான், அதில் பெரும்பகுதி கிரீன்ஸ்பரோவில் ஆடிய காலத்தில். இப்போது இளம் வீரர்களுக்கான அரிசோனா ஃபால் லீக் என்ற இலையுதிர்காலப் போட்டியில் ஆடிக்கொண்டிருக்கிறான். அங்கே வரும் எண்களை வைத்து முடிவுக்கு வராதே. ஃபீனிக்ஸ் வறண்ட காற்று பேட்டருக்குச் சாதகம். நல்ல பிட்சர்கள் பெரும்பாலும் சீசனிலேயே தங்கள் இன்னிங்ஸை முடித்துவிடுவார்கள். அங்கே வருபவர்களில் பலர் காயத்தால் விட்ட இன்னிங்ஸை ஈடுகட்ட வருபவர்கள். கெல்லி அரூபா தீவிலிருந்து வந்த வலது கைப் பிட்சர், அவன் பந்து மணிக்கு 100 மைலைத் தொடும்.

ஒரே ஒரு நாற்காலிதான் மிச்சம் என்றால் யாருக்கு? இங்கேதான் ரூல் ஃபைவின் சூட்சுமம். தூக்கிச் செல்லும் அணி 1,00,000 டாலர் கட்ட வேண்டும். பையனை அடுத்த சீசன் முழுக்கத் தன் 26 பேரில் வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் 50,000 டாலருக்குப் பழைய அணியிடமே திருப்பித் தர முன்வர வேண்டும். ஆக, “இவன் எவ்வளவு நல்லவன்?” என்று கேட்டுப் பயனில்லை. “இவனை ஒரு வருடம் ஒளித்துவைக்க முடியுமா?” என்பதுதான் கேள்வி. 100 மைல் வீசுபவனை ஒளிப்பது சுலபம். எட்டு ரன் பின்தங்கிய ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் இறக்கிவிட்டால் போதும். முதல் பேஸிலும் அவுட்ஃபீல்டின் ஓரத்திலும் நிற்கும் 21 வயதுப் பேட்டரை ஒளிக்க இடமே இல்லை. அவன் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடினாலும் அணிக்கு வலிக்கும், ஆடாவிட்டால் பையன் கெடுவான். நானாக இருந்தால் முதலில் கெல்லி, இடம் இருந்தால் வால்டெஸ்.

நம் ஊர் அணிக்கு இந்த டிராஃப்ட் இரண்டு விதமாகவும் பாடம் கற்பித்திருக்கிறது. 1954 நவம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் மான்ட்ரியாலில் ஒளித்துவைத்திருந்த ஒரு பையனை 4,000 டாலருக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்தான் பின்னாளில் பைரட்ஸின் பெரும் நட்சத்திரமான ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே. 2003 டிசம்பரில் நிலைமை தலைகீழ். பாதுகாக்காமல் விட்டதால் முதல் ஆறு தேர்வுகளில் ஐந்து பேர் பைரட்ஸ் பையன்கள். அதில் ஒருவன் பின்னாளில் வேறு அணியில் நட்சத்திரமான ஹோசே பவுட்டிஸ்டா.

பேட்டர் டெர்மார் ஜான்சனுக்கு இன்னும் ஓர் ஆண்டு அவகாசம் உண்டு, 2026 நவம்பரில்தான் அவன் முறை. ஆல்டூனாவில் முழு சீசன் ஆடி 9 ஹோம் ரன் மட்டும் அடித்ததால் அவனைப் பலர் கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அவனிடம் இன்னும் நம்பிக்கை இருக்கிறது, காரணம் அளவுகோல். 2026 முதல் மேஜர் லீக்கில் பந்து அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்ததா என்ற நடுவரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடலாம். இயந்திரத்தின் ஸ்ட்ரைக் எல்லை ஆளின் உயரத்தைப் பொறுத்தது. மேல்கோடு உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்க்கோடு 27 சதவீதம். 76 அங்குல ஆளுக்கு எல்லை ஏறத்தாழ 20 அங்குலம், 68 அங்குல ஆளுக்கு 18. அவனைப்போலக் குள்ளமாக இருந்து, பந்தைப் பொறுக்கியெடுக்கும் கண்ணும் உள்ளவனுக்கு இந்த இரண்டு அங்குலம் பெரிய சொத்து.

18 வயது எட்வர்ட் ஃபுளோரென்டினோவை பிரேடன்டனில் நீ பார்த்திருக்கலாம், நெட்டையான இடது கைப் பேட்டர். இண்டியானபோலிஸ், பிரேடன்டன் இரண்டு ஊர் ஆட்டங்களுக்கும் பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகம் பேஸ்பால் சாவண்ட் தளத்தில் கிடைக்கும். கிரீன்ஸ்பரோவுக்கும் ஆல்டூனாவுக்கும் கிடைக்காது. அதனால் அவன் அங்கே இருக்கும்வரை 95 மைலுக்கு மேல் போன அடிகளை எண்ணிவை. இந்த ஆண்டு ஆறாவதாக எடுத்த சேத் ஹெர்னாண்டஸ் இன்னும் ஒரு ஆட்டமும் வீசவில்லை. பள்ளிச் சீசன் முழுக்க வீசிய கை ஓய்வெடுப்பது நல்லதுதான்.

மார்ச்சில் நீ பிரேடன்டன் போவாய் என்று தெரியும், ஒரு மணி நேர ஓட்டம்தானே. காலையில் அணியின் பயிற்சி வளாகமான பைரட் சிட்டியின் பின்மைதானங்களுக்குப் போ. கூட்டம் குறைவு, கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். லெகாம் பார்க் மைதானத்தில் ஆட்டம் பார்த்தால் முதல் ஐந்து இன்னிங்ஸை மட்டும் கணக்கில் எடு. அதற்குப் பிறகு எதிரணியில் டபுள்-ஏ பையன்கள்தான் வீசுவார்கள். மார்ச் முதல் வாரத்தில் பிட்சர்கள் பெரும்பாலும் நேர்ப்பந்தே வீசிப் பழகுவார்கள், அப்போது யார் அடித்தாலும் மயங்காதே. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த நிலையில், வலது கைப் பிட்சர் வெளிப்பக்கம் நழுவும் ஸ்லைடர் வீசும்போது கிரிஃபினின் முன்காலைப் பார். கால் ஊன்றி இடுப்பு நின்றுவிட்டால் அவன் பந்தைப் படித்துவிட்டான். இடுப்பு முன்னே சாய்ந்து கை மட்டும் துரத்தினால் அவன் இன்னும் இண்டியானபோலிஸுக்குத்தான். முதல் பேஸ் பக்கம் உட்கார், ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து அவன் எறியும் பந்து உன்னை நோக்கி வரும்போது உயரம் மாறாமல் வருகிறதா என்று தெரியும்.

சாண்ட்லருக்கு வேறு கணக்கு. இண்டியானபோலிஸில் 100 இன்னிங்ஸ், மேலே 31, ஆக 131. வாக், அதாவது எல்லைக்கு வெளியே நான்கு பந்து வீசி பேட்டரைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்புவது, அதுதான் கோடை முழுக்க அவனைக் கீழே வைத்தது. மேலே வந்து அந்த 31 இன்னிங்ஸில் நான்கே வாக் கொடுத்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு பேட்டருக்கும் அவன் வீசும் முதல் பந்து ஸ்ட்ரைக்கா என்று மட்டும் கோடு போட்டு வா. பத்துக்கு ஆறு வந்தால் நிம்மதி. நான்கு வந்தால் உடனே எனக்குப் போன் போடு.

நவம்பர் 18 மாலை பட்டியல் வந்துவிடும். கெல்லியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார், வேலை முடிந்ததும் பேசலாம். மூன்று நாள் கழித்து 21-ஆம் தேதி, அடுத்த ஆண்டுச் சம்பள ஒப்பந்தம் கொடுக்காமல் யாரையெல்லாம் விடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். வெயிலில் போகும்போது தொப்பியை மறந்துவிடாதே. மாப்பிள்ளையையும் அழைத்துப் போ, கோடு போடும் வேலையை அவரிடம் கொடு.

அன்புடன்,
அப்பா